அந்தச் சுருக்கத்தை நீவிவிடாதீர்கள்!

சென்ற இதழில் ஜப்பானின் க்ரேப் காகிதக் கதைப் புத்தகங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். டோக்கியோ பதிப்பாளர் ஹசேகவா தகெஜிரோ 1885 முதல் வெளியிட்டவை அவை. ஜப்பானியச் சிறுவர் கதைகளை ஆங்கிலத்திலும் மற்ற ஐரோப்பிய மொழிகளிலும் எழுதவைத்து, மரக்கட்டை அச்சில் வண்ணப் படங்கள் சேர்த்து, பட்டுத்துணிபோல் சுருங்கிய காகிதத்தில் கொண்டுவந்தார். பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் தொழில். அதனால் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘இதை எப்படிச் சரிசெய்வது?’ என்றே கேட்டிருந்தன. எல்லோருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கப்பலில் வேலை பார்த்த என் தாத்தாவின் பெட்டியில் உள்ளங்கை அளவில் ஒரு ஆங்கிலக் கதைப் புத்தகம் கிடைத்தது. பீச் பழத்துக்குள்ளிருந்து ஒரு பிள்ளை வருகிற கதை. படங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் ஒரு பக்கம் விடாமல் எல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. எப்போதோ தண்ணீர் பட்டிருக்க வேண்டும். மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் நிமிர்ந்துவிடுமா?

பதில்: நிமிர்ந்துவிடும். அதனால்தான் கேட்கிறேன், தயவுசெய்து போடாதீர்கள். உங்கள் புத்தகத்தில் தண்ணீர் படவில்லை. அந்தச் சுருக்கத்தை உண்டாக்கப் பலர் மெனக்கெட்டிருக்கிறார்கள். நீங்கள் வைத்திருப்பது ‘மோமோதரோ’. ஹசேகவாவின் கதை வரிசையில் முதல் எண் அதுதான். ஆங்கிலத்தில் எழுதியவர் டேவிட் தாம்சன் என்ற பாதிரியார்.

இந்தக் காகிதம் எப்படிச் சுருங்கியது என்று தெரிந்துகொண்டால், இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கத்தில் கொண்டுபோக யாருக்கும் மனசு வராது. ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதைச் செர்ரி மரப்பலகைமேல் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் உளியால் எடுத்துவிடுவார். பிறகு நிறங்களுக்குத் தனித்தனிக் கட்டைகள். ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் விலகாமல் உட்கார, ஒவ்வொரு கட்டையின் ஓரத்திலும் ‘கெந்தோ’ என்ற சிறு வெட்டு இருக்கும். தாளின் மூலையை அதில் பொருத்தி வைப்பார்கள். மை தடவிய கட்டைமேல் ஈரப்பதமான தாளைப் போட்டு, மூங்கில் மடல் சுற்றிய ‘பரென்’ என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகுப்பக்கம் தேய்ப்பார்கள். யந்திரம் எதுவும் இல்லை. கதைக்கான ஆங்கில வரிகள் மட்டும் ஈய எழுத்தில் கோத்து அடித்தவை.

இவ்வளவும் முடியும்போது தாள் வழவழப்பாகத்தான் இருக்கும். அதற்கப்புறம்தான் சுருக்குகிற வேலை. அச்சான தாள்களை ஈரப்படுத்தி, வரிவரியாகப் பள்ளம் உள்ள அச்சுத்தாள்களுக்கு நடுவே அடுக்கி, ஒரு உருளையில் இறுகச் சுற்றி, நெம்புகோலால் மேலிருந்து அழுத்துவார்கள். தாள் தன் நீளத்தில் கொஞ்சம் சுருங்கும். பிரித்து, தாளின் திசையைத் திருப்பி, மறுபடி சுற்றி, மறுபடி அழுத்துவார்கள். இப்படிப் பல திசைகளில் திரும்பத் திரும்பச் செய்தால் நீளத்திலும் அகலத்திலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். படம் மட்டுமில்லை, ஈய எழுத்தில் அடித்த வரிகளும் சேர்ந்தே சுருங்கும். அதே கட்டையில் அடித்த சாதாத் தாள் பதிப்பும் உண்டு. அது கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிதாக இருக்கும். உங்களுடையது ஏறத்தாழ 15க்கு 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், அளந்து பாருங்கள்.

நிறம் நெருங்குவதால் அடர்த்தி கூடுகிறது. சிவப்பும் நீலமும் சாதாத் தாளில் இருப்பதைவிட ஆழமாகத் தெரிகின்றன. கோடுகளின் கூர்மை கொஞ்சம் தணிகிறது. இவ்வளவு கசக்கலைத் தாங்குவது அந்தக் காகிதத்தின் நார். கோஸோ போன்ற செடிகளின் உட்பட்டையிலிருந்து எடுத்த நீளமான நார் அது. மரக்கூழில் செய்த இன்றைய தாளை இப்படிச் செய்தால் இரண்டாவது அழுத்தத்திலேயே கிழிந்து கையோடு வந்துவிடும்.

இஸ்திரியின் சூடு, ஈரம், பாரம் மூன்றும் இந்தச் சுருக்கத்தின் எதிரிகள். ஒருமுறை விரிந்த க்ரேப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எனக்குத் தெரிந்து வழி இல்லை.

கேள்வி: என்னிடம் உள்ள பிரதியில் ஜப்பானிய எழுத்தில் மெய்ஜி 19 என்று போட்டிருப்பதாக ஒரு நண்பர் படித்துச் சொன்னார். அப்படியென்றால் முதல் பதிப்புதானே?

பதில்: மெய்ஜி என்பது அன்றைய ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்காலம். அந்த ஆண்டு எண்ணோடு 1867ஐக் கூட்டுங்கள். மெய்ஜி 19 என்றால் 1886. ஆனால் அது முதல் பதிப்பின் தேதியாக மட்டும் இருக்கலாம். ஹசேகவா ஒரே கட்டைகளை வைத்துப் பல ஆண்டுகள் மறுபடி மறுபடி அச்சிட்டார். பிந்திய அச்சிலும் பழைய தேதி அப்படியே நிற்பதுண்டு. ஆகவே தேதிக்குப் பக்கத்தில் உள்ள முகவரியைப் படிக்கச் சொல்லுங்கள். அவருடைய பதிப்பகம் டோக்கியோவுக்குள்ளேயே பலமுறை இடம் மாறியது. தொடக்கக் காலப் பிரதிகளில் மினாமி சயேகிச்சோ முகவரி இருக்கும். காமி நெகிஷி என்று இருந்தால் அது 1910களிலோ அதற்குப் பிறகோ வந்த அச்சு. உள்ளே 1886 என்று இருந்தாலும் கணக்கு அதுதான்.

இன்னொரு தடயம் கோடுகள். புதுக் கட்டையில் அடித்த தலைமுடியும் மீன் செதிலும் இழை இழையாகப் பிரிந்திருக்கும். தேய்ந்த கட்டையில் அவை தடித்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இதைக் க்ரேப் பிரதியில் கண்டுபிடிப்பது கடினம், சாதாத் தாள் பிரதியில் எளிது.

விலை என்ன பெறும் என்று நீங்களும் வேறு சிலரும் கேட்டிருந்தீர்கள். புத்தகத்தைக் கையில் பார்க்காமல் விலை சொல்வது சரியில்லை. சுருக்கம் மங்காமல் இருக்கிறதா, பட்டுநூல் கட்டு பழையதுதானா, இரண்டு அட்டையும் உண்டா என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: இந்த வரிசையில் உள்ள ஜெல்லி மீன் கதையைப் படித்தபோது எங்கள் பாட்டி சொன்ன குரங்கு-முதலைக் கதை மாதிரியே இருந்தது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா?

பதில்: இல்லை, நீங்கள் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்! கதையைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலரசனின் இளம் ராணிக்கு உடம்பு சரியில்லை. உயிருள்ள குரங்கின் ஈரல் வேண்டும் என்கிறாள். ஜெல்லி மீனுக்கு அந்தக் காலத்தில் எலும்பும் காலும் இருந்தன. அது கரைக்குப் போய் ஆசை காட்டிக் குரங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு வருகிறது. நடுக்கடலில் உண்மையைச் சொல்லிவிடுகிறது. குரங்கு பதறாமல், ‘அடடா, ஈரலை மரத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டேனே, திரும்பிப் போனால் எடுத்து வரலாம்’ என்கிறது. கரை வந்ததும் மரமேறித் தப்பிக்கிறது. வெறுங்கையோடு வந்த ஜெல்லி மீனை அடித்த அடியில் அதன் எலும்பெல்லாம் போய்க் கூழாகிவிடுகிறது.

பஞ்சதந்திரத்தின் நான்காம் தந்திரத்தைத் தொடங்கிவைப்பதே முதலையும் நாவல் மரத்துக் குரங்கும்தான். அங்கே கேட்பது இதயம், இங்கே ஈரல். புத்த ஜாதகக் கதைகளிலும் இது இருக்கிறது. பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்த கதைகளில் இதுவும் ஒன்று. 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் ‘கொன்ஜகு மொனொகதரி’ என்ற பெரிய கதைத் தொகுப்பில் ஆமையும் குரங்குமாக இதே கதை வருகிறது. அந்தத் தொகுப்பின் முதல் ஐந்து பகுதிகள் இந்தியக் கதைகளுக்கு ஒதுக்கப்பட்டவை, இது ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. அதாவது, கதை எங்கிருந்து வந்தது என்பதைத் தொகுத்தவர்கள் அப்போதே எழுதிவைத்துவிட்டார்கள். ஜெல்லி மீனுக்கு எலும்பு இல்லாமல் போன காரணம் மட்டும் கடல் சூழ்ந்த நாட்டுக்காரர்கள் சேர்த்த சரக்கு. எனக்கு அந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிக்கும்.

ஹசேகவாவுக்காக இதை ஆங்கிலத்தில் எழுதியவர் பாசில் ஹால் சேம்பர்லெய்ன். ஜப்பானின் மிகப் பழைய நூலான ‘கொஜிகி’யை 1882இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த அறிஞர். அப்படிப்பட்டவர் குழந்தைகளுக்காக ஒரு ஜெல்லி மீன் கதையை உட்கார்ந்து எழுதினார்.

கேள்வி: கோபிக்க மாட்டீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். எழுதியவர்கள் பாதிரிமாரும் வெள்ளைக்காரப் பேராசிரியர்களும். வாங்கியவர்கள் சுற்றுலாப் பயணிகள். ஜப்பானியக் குழந்தைகள் இதைப் படித்திருக்கவே மாட்டார்கள். இதைப் போய் ஜப்பானியக் கலை என்று ஏன் கொண்டாடுகிறீர்கள்?

பதில்: கோபமே இல்லை, கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. ஆங்கிலம் கற்கும் ஜப்பானிய மாணவர்களுக்கும் உதவும் என்ற எண்ணம் தொடக்கத்தில் இருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் புத்தகங்கள் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் வெளிநாட்டார் கைக்குத்தான். லண்டனில் கிரிஃபித் ஃபாரன் நிறுவனத்தின் பெயரோடு வெளிவந்தன. ஜெர்மன் மொழி நூல்களுக்கு லைப்ஸிக்கில் அமெலாங் நிறுவனம் கூட்டாளி. ஜப்பானியப் புத்தகம் வலப்பக்கமிருந்து திறக்கும். இவை ஐரோப்பியருக்காக இடப்பக்கமிருந்து திறக்கின்றன. இவ்வளவும் வியாபாரக் கணக்குதான், ஹசேகவா அதை ஒளிக்கவும் இல்லை.

ஆனால் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்தைத் தவிர அதில் ஐரோப்பிய முறை என்று எது இருக்கிறது? ஒவ்வொரு தாளும் ஒரு பக்கம் மட்டும் அச்சாகி, இரண்டாக மடிந்து, மடிப்பு வெளி ஓரத்தில் வரும்படி அடுக்கிப் பட்டுநூலால் கட்டப்பட்டிருக்கிறது. ஜப்பானில் காலங்காலமாக இருந்துவரும் கட்டு அது. முதல் புத்தகங்களுக்குப் படம் போட்ட கொபயாஷி எய்தகு, கானோ என்ற பழைய ஜப்பானிய ஓவிய மரபில் பயின்றவர். வெளிநாட்டார் வாங்குகிறார்கள் என்பதற்காக அவர் கிழவரின் கந்தல் உடையையோ அரக்கனின் கொம்பையோ மாற்றவில்லை. படம் எழுத்தைச் சுற்றி ஓடுகிறது, சில இடங்களில் எழுத்துக்கு அடியிலும் போகிறது. பக்கத்தைக் கட்டம் கட்டிப் பிரிக்கும் பழக்கம் இங்கே இல்லை.

சுருக்குகிற வித்தையும் வெளிநாட்டாருக்காகக் கண்டுபிடித்ததில்லை. க்ரேப் ஆக்கிய வண்ண அச்சோவியங்கள் ஹசேகவாவுக்கு முன்பே ஜப்பானில் இருந்தன. பாரிஸில் அவை நன்றாக விற்றன. வான்கோ தன் கடிதங்களில் ஜப்பானிய அச்சுப் படங்களைக் ‘க்ரேபோன்’ என்றே எழுதுகிறார். ஹசேகவா செய்தது அந்தச் சுருக்கத்தைப் புத்தகத்துக்குக் கொண்டுவந்தது. அந்த முடிவுக்காகவே நான் அவரைப் பெரிய பதிப்பாளர் என்பேன். குழந்தை கையில் கசங்காத, கிழியாத, துணிபோல் வளைந்துகொடுக்கிற ஒரு படப்புத்தகம்! காகிதத்தோடு பழகியவருக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

மெய்ஜி காலத்தை நினைத்துப் பாருங்கள். கல்லச்சும் புகைப்படமும் ஈய எழுத்துச் செய்தித்தாளும் வந்து, மரக்கட்டை செதுக்கியவர்களின் பிழைப்பு ஆண்டுக்காண்டு சுருங்கிய காலம் அது. ஒரு புத்தகத்துக்கு இத்தனை கட்டைகள், ஒரு பக்கத்துக்கு இத்தனை நிறங்கள் என்று கேட்ட ஒரு பதிப்பாளர், அவர்களுக்கு வேலை கொடுத்தார். வாங்கியவர் எந்த நாட்டுக்காரர் என்பதை வைத்துச் செதுக்கியவரின் கலையை நான் எடைபோட மாட்டேன்.

எனக்கு வருத்தம் வேறொன்றில். மொழிபெயர்த்தவர் பெயர் அட்டையில் இருக்கும். ஓவியரைப் பல பிரதிகளில் படத்தின் ஓரத்து முத்திரையை வைத்துத் தேடிப் பிடிக்க வேண்டும். செதுக்கியவர் பெயரையோ உருளையைச் சுற்றி அழுத்தியவர் பெயரையோ என் கைக்கு வந்த எந்தப் பிரதியிலும் நான் பார்த்ததில்லை. இந்தப் புத்தகங்களை உலகம் தேடுவதே அந்தக் கைகளின் வேலைக்காகத்தான்.

கேள்வி: இரண்டு க்ரேப் புத்தகங்கள் வைத்திருக்கிறேன். எப்படிப் பாதுகாப்பது? ஒன்றில் ஓரம் சற்றுக் கிழிந்திருக்கிறது. செலோடேப் ஒட்டலாமா? கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா?

பதில்: செலோடேப் கூடவே கூடாது. அதன் பசை நாருக்குள் இறங்கி மஞ்சளாகும். பிறகு எடுக்கப்போனால் நிறமும் சேர்ந்து வரும். சுவரில் மாட்டுவதும் வேண்டாம். வெளிச்சம் முதலில் தின்பது ஊதாவையும் இளஞ்சிவப்பையும்தான். சட்டத்தின் கண்ணாடி காகிதத்தை அழுத்தவும் செய்யும்.

அமிலமில்லாத அட்டையில் ஒரு பெட்டி செய்து, புத்தகத்தைப் படுக்கவைத்து, மேலே எதுவும் படாமல் மூடுங்கள். தடித்த புத்தகங்களுக்கு நடுவே நெருக்கி நிறுத்தினால் ஒரு சில ஆண்டுகளில் நடுப்பக்கங்கள் தட்டையாகிவிடும். இந்தத் தப்பைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நல்ல அலமாரியில் வைத்தோம் என்று நம்பியே செய்துவிடுகிறார்கள். ஈரக்காற்று அதிகம் புகாத, சூடேறாத அறை போதும். கையுறை வேண்டாம். கழுவி நன்றாகத் துடைத்த கைதான் நல்லது, விரலுக்கு உணர்வு இருந்தால்தான் மடிப்பைக் கிழிக்காமல் திருப்ப முடியும்.

ஓரக் கிழிசலை அப்படியே விடுங்கள். வழக்கமாக நாங்கள் மெல்லிய ஜப்பானியத் தாளையும் கோதுமை மாவுப் பசையையும் வைத்துத்தான் ஒட்டுவோம். ஆனால் பசையில் உள்ள ஈரம் க்ரேப்பை அந்த இடத்தில் மட்டும் விரித்துவிடும். சுற்றிலும் சுருக்கம், நடுவில் வழுக்கை என்று ஒரு திட்டு நிற்கும். கிழிசல் படத்துக்குள் ஓடினால் மட்டும் காகிதம் செப்பனிடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ‘பசை எவ்வளவு கெட்டியாக வைப்பீர்கள்?’ என்று முதலில் கேளுங்கள். ஏறக்குறைய உலர்ந்த நிலையில் வைப்பதாகச் சொன்னால் நம்பிக் கொடுக்கலாம்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. இதைத் தொட்டுப் பார்க்க விடலாமா? எந்தக் கதையை முதலில் சொல்லலாம்?

பதில்: பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, தாராளமாக விடுங்கள். குழந்தைகள் தொடுவதற்காகவே செய்தவை.

கதைக்கு ‘பூனைகளை வரைந்த சிறுவன்’. ஹசேகவாவுக்கு எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் கொடுத்த ஐந்து கதைகளில் முதலாவது, 1898இல் வந்தது. உழவு வேலைக்குத் தெம்பில்லாத ஒரு சின்னப் பையனைக் கோயிலில் விடுகிறார்கள். அவன் ஓதுவதை விட்டுவிட்டுக் கண்ட இடத்திலெல்லாம் பூனை வரைகிறான். குரு அவனை அனுப்பிவிடுகிறார். போகும்போது ஒன்று சொல்கிறார்: இரவில் பெரிய இடத்தில் தங்காதே, சின்ன இடத்தில் இரு. அவன் ஆளில்லாத ஒரு கோயிலுக்குப் போய்ச் சேர்கிறான். அங்குள்ள வெள்ளைத் தட்டிகளைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? விடிந்து பார்த்தால் மாடு அளவு ஒரு பேய் எலி செத்துக் கிடக்கிறது, அவன் வரைந்த பூனைகளின் வாயெல்லாம் ரத்தம். எட்டு வயதுக்கு இந்தப் பயம் சரியான அளவு.

‘மட்சுயாமா கண்ணாடி’யும் நல்லது. இறந்துபோகும் தாய் மகளிடம் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். கண்ணாடியையே அறியாத அந்தப் பெண், தினமும் அதில் தன் முகத்தைத் தாயின் முகமாகப் பார்க்கிறாள். எழுதியவர் திருமதி ஜேம்ஸ். இந்த வரிசையில் நல்ல கதைசொல்லியின் குரல் அவருடையதுதான் என்பது என் கருத்து. தாம்சனின் மொழி அவருக்குப் பக்கத்தில் விறைப்பாகத் தெரியும். ‘காச்சி காச்சி மலை’யை இன்னும் சில ஆண்டுகள் தள்ளிவையுங்கள். முயல் பழிவாங்குகிற கதை. முதுகில் தீ வைப்பதும் களிமண் படகில் ஏற்றி மூழ்கடிப்பதும் உண்டு.

கேள்வி: வாங்க வசதி இல்லை. பார்க்கவாவது எங்கே முடியும்?

பதில்: க்யோட்டோவில் உள்ள சர்வதேச ஜப்பானிய ஆய்வு மையம் தன் க்ரேப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. டோக்கியோ போகிறவர்கள் உவேனோவில் உள்ள சர்வதேசக் குழந்தை இலக்கிய நூலகத்துக்குப் போங்கள். 1906இல் பேரரசு நூலகமாகத் திறந்த கட்டடம் அது.

திரையில் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். ஒரே கதையின் க்ரேப் பிரதியையும் சாதாத் தாள் பிரதியையும் தேடி எடுங்கள். இரண்டிலும் அதே பக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பெரிதாக்குங்கள். சாதாத் தாளில் ஈய எழுத்து நேராக நிற்கும். க்ரேப்பில் அதே எழுத்தின் கால்கள் மடிப்புக்குள் இறங்கி ஏறும். எந்த வேலை முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதை நீங்களே அதில் படித்துக்கொள்ளலாம்.